பஸ் ஏறுங்க... கேஸ் கிடைக்கும்!

சட்டம் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ், உங்களுக்கு ஒரு சின்ன டூர். சேலத்தில் இருந்து நாமக்கல். செலவு, ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு தட்டுவடை செட்டும்தான். ஜன்னல் ஸீட் பிடிச்சுக்குங்க. கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். ஏன்னா, வழியெல்லாம் வழக்குதான்!

சேலத்தில் ஏறும்போதே ஆரம்பிச்சிடும். கொலுசுப் பட்டறைக்கு வெள்ளி கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் எடைக் கணக்கில் தகராறு வரலாம். சீலநாயக்கன்பட்டி, மல்லூர் தாண்டினா, மரவள்ளிக்கிழங்கு லோடு. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்துன்னு பார்த்துத்தான் சேகோ ஆலையில் விலை. அந்த அளவு சரியா தப்பா? ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் பக்கம் வந்தா கோழிப்பண்ணைகள். தீவனம் சரியில்லை, முட்டை குறைஞ்சு போச்சுன்னு பண்ணைக்காரர் சொன்னா யார் நிரூபிக்கணும்? நாமக்கல் நெருங்கினா பாடி கட்டுற பட்டறைகள், வரிசையா லாரிகள். அந்தப் பக்கம் திருச்செங்கோட்டில் நாடு முழுக்க ஓடுற போர்வெல் ரிக் வண்டிகள். இதில் பெரும்பாலான வண்டிகளுக்குப் பின்னாடி ஒரு கடன் ஒப்பந்தம் இருக்கும்.

அந்த ஒப்பந்தத்தோட கடைசிப் பக்கங்களைப் படிச்சிருக்கீங்களா? 'தகராறு வந்தால் நடுவர் தீர்த்து வைப்பார்'னு ஒரு ஷரத்து. அதுதான் ஆர்பிட்ரேஷன். கையெழுத்துப் போடுற அண்ணனுக்கு அப்ப வண்டி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்!

கம்பெனி போட்ட நடுவர்

இப்ப ஒரு கற்பனை கேஸ். ஒரே லாரி வெச்சிருக்கிற ஒருத்தர். தவணை நின்னுபோச்சு. கம்பெனி வண்டியை இழுத்துட்டுப் போய் வித்தாச்சு. இன்னும் நாலு லட்சம் பாக்கின்னு நோட்டீஸ் வருது. நடுவரைக் கம்பெனியே போட்டிருக்கு. விசாரணை சென்னையில். அவர் பயந்துபோய் நோட்டீஸைப் பரண்மேல் போட்டுடறார். அவர் இல்லாமலே தீர்ப்பு வந்துடுது.

'கோர்ட்டே இல்லையே, என்ன பண்ணிடுவாங்க?'ன்னு நினைக்காதீங்க. 1996-ம் வருஷச் சட்டத்தின் 36-ம் பிரிவுப்படி, அந்தத் தீர்ப்பை கோர்ட் டிகிரி மாதிரியே நிறைவேற்றலாம். எதிர்த்துப் போக 34-வது பிரிவு தர்றது மூணு மாசம். தகுந்த காரணம் இருந்தா இன்னும் 30 நாள். அதுக்கப்புறம் கதவு மூடிடும்.

ஆனா, இதே கேஸில் அவருக்கு ஆயுதமும் இருக்கு. வழக்கோட முடிவில் ஆதாயம் உள்ள ஒரு தரப்பு, தன்னிஷ்டத்துக்குத் தனி நடுவரை நியமிக்க முடியாதுன்னு 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2024 நவம்பரில் அஞ்சு நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச், நடுவரை நியமிக்கிறதிலும் இரு தரப்பும் சமம்தான்னு சொன்னது. லாரிக்காரர் பக்கம் உட்கார்ற மாணவருக்கு முதல் பாயின்ட் ரெடி!

கம்பெனி பக்கம் உட்கார்றவர் சும்மா விடுவாரா? 'அவர்தான் நோட்டீஸ் வந்தும் ஆட்சேபிக்கலையே, அதுவே சம்மதம்தானே?'ன்னு கேட்பார். பதில் 12(5)-ல் இருக்கு. தகராறு வந்த பிறகு, எழுத்தில், வெளிப்படையா ஒத்துக்கிட்டாத்தான் அந்த உரிமை போகும். இந்த ஒரு பாயின்ட்லயே அரை மணி நேரம் அனல் பறக்கும்.

க்ளாஸ் ரூமே போதும்

சேலத்தில் சென்ட்ரல் லா காலேஜ் ரொம்ப வருஷமா இருக்கு. 2019-ல் சேலம், நாமக்கல் ரெண்டு ஊர்லயும் அரசு சட்டக் கல்லூரி வந்தாச்சு. மூட் கோர்ட் உங்க பாடத்திட்டத்திலேயே இருக்கு. பார் கவுன்சில் 2008 விதிகளில் மாற்றுமுறைத் தீர்வும் கட்டாயப் பாடம். ரெண்டையும் சேர்த்தா மாதிரி ஆர்பிட்ரேஷன்.

மேடை வேண்டாம். நாலு பெஞ்சை 'ப' வடிவில் போடுங்க. நடுவில் நடுவர்கள். ஒருத்தர் இல்லைன்னா மூணு பேர், ஏன்னா 10-ம் பிரிவுப்படி இரட்டைப்படை கூடாது. பக்கத்துக்கு ரெண்டு வக்கீல். கம்பெனி கணக்கரா ஒருத்தர், லாரிக்காரரா ஒருத்தர். 'மை லார்ட்' எல்லாம் இல்லை, சார், மேடம் போதும். சிவில் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் நடுவரைக் கட்டுப்படுத்தாது. அதுக்காக இஷ்டத்துக்குப் பேசலாம்னு இல்லை. ரெண்டு தரப்பையும் சமமா நடத்தணும், முழு வாய்ப்பு தரணும்னு 18-ம் பிரிவு சொல்லுது. குறுக்கு விசாரணையில் வண்டியை வித்த ரசீதைக் கேளுங்க. எவ்வளவுக்கு வித்தாங்க, யாருக்கு, அதுக்கு முன்னாடி நோட்டீஸ் கொடுத்தாங்களா? நடுவர்கள் கடைசியில் காரணத்தோட தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போடணும். அடுத்த வாரம் பக்கத்தை மாத்திக்கிட்டு அதே கேஸை மறுபடி நடத்துங்க. அப்பத்தான் எதிராளியோட பலம் புரியும்.

இன்னொரு ரகசியம். தரப்புகள் ஒத்துக்கிட்டா எந்த மொழியிலும் நடத்தலாம்னு 22-ம் பிரிவு சொல்லுது. ஆக, தமிழிலேயே வாதாடலாம். இங்கிலீஷ் பயத்தில் கடைசி பெஞ்சில் ஒளியிற நண்பரை முதல் ஆளா எழுப்பி விடுங்க!

வாதாடின ஊர்

இது ஒண்ணும் வாதத்துக்குப் புது ஊர் இல்லை. ராஜாஜி வக்கீல் தொழில் ஆரம்பிச்சது சேலத்தில். 1882 சேலம் கலவர வழக்கில் பத்து வருஷ தண்டனை வாங்கின சி.விஜயராகவாச்சாரியார், மேல்முறையீட்டில் போராடி விடுதலையானார். முறையா சட்ட வகுப்புக்கே போகாம வக்கீலானவர் அவர். 1920-ல் காங்கிரஸ் தலைவராகவும் ஆனார். உங்களுக்கு க்ளாஸும் இருக்கு, லைப்ரரியும் இருக்கு.

நாளைக்கு உங்க தெருவில் ஒரு அண்ணன் நோட்டீஸோட வந்து, 'இதுக்கு நான் போகோணுங்களா, வேண்டாங்களா?'ன்னு கேட்பார். 'போகணும்ணா. நியமனத்தை எதிர்த்து முதல் நாளே எழுதிக் கொடுக்கணும்'னு தயங்காம சொல்லத் தெரியணும். பெஞ்சை 'ப' வடிவில் இழுத்துப் போடுறது அதுக்குத்தான்!