உபேட்சை

விபஸ்ஸனா முகாமுக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் இருவர் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. தள்ளிப்போட்டதற்குச் சோம்பல் காரணமல்ல. அங்கே எனக்குக் கிடைத்தது என்று நம்பி எடுத்துவந்த ஒன்று, வந்த மறுநாள் காலையே கேள்விக்குள்ளாகிவிட்டது. விடை தெரிந்தபின் எழுதலாம் என்றிருந்தேன். தெரிந்துவிட்டதாகச் சொல்ல இப்போதும் துணிவில்லை. கேள்வி மட்டும் சற்றுத் தெளிவாகியிருக்கிறது.

முதலில், போன காரணம். அம்மாவுக்கு நினைவு போய்க்கொண்டிருக்கிறது. கும்பகோணத்தில் அக்கா வீட்டில் இருக்கிறாள். நான் சென்னையில் ஒரு வங்கியில் கிளார்க். மாதம் பிறந்ததும் பணம் அனுப்புவேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய் ஒரு ராத்திரி தங்குவேன். அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன். ஒவ்வொரு நவம்பரிலும், உயிரோடு இருப்பதாக அவள் வங்கியில் சான்றிதழ் கொடுக்கவேண்டும். அந்த வருஷம் நான்தான் கூட்டிப்போனேன். படிவத்தைப் பூர்த்தி செய்து பேனாவைக் கையில் கொடுத்தேன். தன் பெயரின் இரண்டாவது எழுத்தோடு நிறுத்திவிட்டாள். கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டி, "நீங்களே போட்டுருங்க, சார்" என்றாள்.

கௌண்டரில் இருந்த பையன் மாதிரிக் கையெழுத்து அட்டையை மறுபடி உள்ளே வைத்துவிட்டு மைப்பெட்டியை எடுத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சென்னைக்குத் திரும்பிய வாரமே பன்னிரண்டு நாள் லீவுக்கு எழுதிக்கொடுத்தேன். அந்த லீவை அக்கா வீட்டில் கழித்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இதையும் சொல்லிவிடவேண்டும்.

முகாமின் நடைமுறை பலருக்குத் தெரிந்ததுதான். பத்து நாள் பேச்சில்லை. காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். புத்தகம், பேனா, டெலிபோன் எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கி வைத்துவிடுகிறார்கள். முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு வந்துபோவதைக் கவனிக்கவேண்டும். நான்காம் நாளிலிருந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடம்பின் உணர்ச்சிகளைப் பகுதி பகுதியாகப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். தினம் மூன்று வேளை, ஒரு மணி நேரம் அசைவதில்லை என்ற தீர்மானத்தோடு உட்காரவேண்டும். இதற்கு அதிட்டானம் என்று பெயர்.

எனக்கு என் இடது முழங்கால்தான் பாடம். ஐந்தாம் நாள் அது எரிந்தது. ஆறாம் நாளும் எரிந்தது. ஆனால் எரிவது ஒன்று, "எனக்கு ஏன் இப்படி" என்ற முறையீடு வேறொன்று என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. முறையீடு அடங்கியபோது வலி துண்டு துண்டாகி, துடிப்பாகி, சூடாகி, சும்மா இருந்தது. சம்யுத்த நிகாயத்தில் புத்தர் சொல்லும் இரண்டு அம்புகள் இவைதாம். உடம்பில் தைக்கும் முதல் அம்பு எல்லோருக்கும் உண்டு. அதன்மேல் மனம் தனக்குத்தானே எய்துகொள்ளும் இரண்டாவது அம்பைத் தவிர்க்கலாம். புத்தகத்தில் பலமுறை படித்தது முழங்காலுக்குப் புரிந்தது அன்றுதான். இதை நான் இப்போதும் மறுக்கவில்லை.

பதினோராம் நாள் நேராகக் கும்பகோணம் போனேன். அன்று ராத்திரி அம்மா எழுந்து, தன் அப்பா வீட்டுக்குப் போகவேண்டும் என்று தாழ்ப்பாளைத் தடவினாள். அக்கா எழுந்துபோய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்கவைத்தாள். அரைமணி கழித்து மறுபடியும். இப்படி நாலைந்து தடவை. நான் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூச்சு சீராக இருந்தது. வழக்கமாக வரும் குடைச்சல் வரவில்லை. முகாம் வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

காலையில் அக்கா கிணற்றடியில் அம்மாவின் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். "இதையெல்லாம் அப்படியே ஏத்துக்கணும்க்கா. நாம தவிக்கிறதால எதுவும் மாறப்போறதில்ல" என்றேன்.

அக்கா நிமிரவில்லை. "பத்து நாள் போயி உக்காந்து இதத்தான் கத்துக்கிட்டு வந்தியா? இது உனக்கு முன்னாடியே வருமேடா" என்றாள்.

கோபமாகச் சொன்னதல்ல. அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை.

சென்னைக்கு வந்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியில், சொற்களைப் பிடித்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தேன். முகாமில் ஓயாமல் காதில் விழுந்த சொல் 'உபெக்கா'. சமநிலை என்று பெயர்க்கிறார்கள். சமஸ்கிருதத்தில் உபேக்ஷா. அதே சொல் நம் பாட்டனார் காலத் தமிழில் உபேட்சை என்று வழங்கியது. பொருள், அலட்சியம், கவனியாமல் விடுதல். பௌத்தத்தின் நான்கு உயர்ந்த மனநிலைகளில் ஒன்று நம் பேச்சுக்கு வந்து சேரும்போது குற்றத்தின் பெயராகிவிட்டிருக்கிறது. மொழி சும்மா இப்படிச் செய்யாது என்று பட்டது.

புத்தகோஷருக்கு இந்த ஆபத்து தெரிந்தே இருந்திருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டுக்காரர், காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தன் உரை ஒன்றின் முடிவில் குறிப்பிடுபவர். விசுத்திமக்கத்தில் ஒவ்வொரு நல்ல மனநிலைக்கும் இரண்டு விரோதிகளைச் சொல்கிறார். ஒன்று தூரத்து விரோதி; எதிரி என்று பார்த்ததும் தெரியும். இன்னொன்று பக்கத்து விரோதி. உறவினன் மாதிரி முகஜாடையோடு கூடவே இருக்கும். உபெக்காவுக்குத் தூரத்து விரோதிகள் ஆசையும் வெறுப்பும். பக்கத்து விரோதி, அறியாமையில் கிடக்கும் அசட்டைதான். குணமும் குற்றமும் பார்க்காதிருப்பதில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ள நேரும் என்கிறார். கிணற்றடியில் அக்கா சொன்னதும் இதுதான். அவள் விசுத்திமக்கம் படித்ததில்லை.

ஸதி என்ற சொல்லிலும் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது. 1881இல் ரைஸ் டேவிட்ஸ் அதை ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று பெயர்த்தார். இன்று உலகம் முழுக்க விற்பனையாவது அந்தப் பெயர்தான். ஆனால் மூலத்தில் ஸதி, ஸ்மிருதி, நினைவு. மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் இதை விளக்க ஒரு பொக்கிஷதாரரைக் கொண்டுவருகிறார். அவர் காலையும் மாலையும் சக்கரவர்த்தியிடம் போய், இத்தனை யானை, இத்தனை குதிரை, இத்தனை பொன் என்று இருப்பைச் சொல்கிறவர். அது மாதிரி, எது நல்லது எது கெட்டது, எது தேவை எது தேவையில்லை என்று மனத்துக்கு நினைவுபடுத்துவது ஸதியின் வேலை. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இந்த உவமை உடனே புரியும். இருப்பைச் சொல்வது வேறு. வராக்கடன் என்று தள்ளி எழுதிக் கணக்கை மூடுவது வேறு. நான் கும்பகோணத்துக்கு எடுத்துப்போனது இரண்டாவதை.

இதைச் சொல்லும்போது முகாமில் கேட்ட ஒரு பெயர் ஞாபகம் வருகிறது. இந்த முறையை 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் கோயங்கா. தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் ரங்கூனில் ஊ பா கின்னிடம் போய்ச் சேர்ந்தவர். அந்த ஊ பா கின் துறவி அல்ல. கணக்கு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, 1948இல் சுதந்திர பர்மாவின் முதல் அக்கௌண்டண்ட் ஜெனரலானவர். வேலையை விடாமலே தியானம் கற்பித்தார். ஆபீஸ் ஊழியர்களுக்கும் கற்பித்தார். ஆபீஸிலிருந்து தப்பித்துப்போக ஒரு இடமாக நான் தியானத்தை எடுத்துக்கொண்டேன். அவரிடம் அது கணக்குப் புத்தகங்களுக்கு நடுவிலேயே இருந்திருக்கிறது.

ஏற்பு என்ற சொல்லை இன்று நம்மிடம் கொண்டுவந்து சேர்த்ததில் மருத்துவத்துக்குப் பெரும் பங்குண்டு. 1979இல் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் ஆரம்பித்த சிகிச்சைமுறை, தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்கு எட்டு வாரப் பயிற்சி தந்தது. தீர்ப்புச் சொல்லாமல் கவனி என்பது அதன் சூத்திரம். பௌத்தத்தை நீர்த்துப்போகச் செய்துவிட்டார்கள் என்று இதைக் கேலி செய்வது சுலபம். நான் செய்யமாட்டேன். வலி அந்த நோயாளியின் வலி. அதை ஏற்பதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது. என் முழங்காலை நான் ஏற்றது இந்த வகை. அக்காவின் தூக்கம் என் முழங்கால் அல்ல. அவள் விழித்திருப்பதை ஏற்றுக்கொள்ள என்னை யார் கேட்டார்கள்? பிறருடைய பாரத்தை நாம் சமநிலையோடு பார்ப்பது ஏற்பு ஆகாது. அம்மாவுக்கு நினைவு போவது யாராலும் தடுக்க முடியாதது. அக்கா மட்டும் எழுந்துபோவது அப்படியல்ல. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் 'அநித்தியம்' என்று பார்த்துவிட்டேன்.

நம் வட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. பற்றற்ற பார்வை, சாட்சி பாவம், விலகல் என்றெல்லாம் கவிதைகளைப் பாராட்டி நான் எழுதியிருக்கிறேன். அவற்றில் எது எல்லாவற்றையும் பார்த்தபின் வந்த அமைதி, எது பார்க்காமலே வந்தது என்று நான் கேட்டதில்லை. தொனி ஒன்றாக இருந்தால் போதுமென்று விட்டுவிட்டேன். அவற்றை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். சில நிற்கின்றன. சிலவற்றில் யாரோ ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்கிறார்.

இப்போது வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடுகிறேன். சனிக்கிழமை ராத்திரி என் முறை. இது தியானத்தால் வந்த மாற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். அக்கா சொன்னதால் வந்தது. தியானம் செய்வதை நிறுத்தவும் இல்லை. கதவருகே பாயைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா எழுந்து வருவாள். நான் யார் என்று கேட்பாள். சொல்வேன். சில சமயம் சரி என்பாள், சில சமயம் நம்பமாட்டாள். குடைச்சல் வருகிறது, அதையும் பார்க்கிறேன். முன்போல அது வராமலிருக்கவேண்டும் என்று நினைப்பதில்லை.

காலையில் அக்கா எழுந்து வந்ததும் ராத்திரி எத்தனை தடவை என்று கேட்கிறாள். எண்ணிக்கையைச் சொல்கிறேன்.