துணிவும் தெளிவும்

2023-ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறை. நாமக்கல் நகரத் திரையரங்கு ஒன்றில் நாமும் நமது சிற்றப்பாவும் அருகருகே அமர்ந்திருந்தோம். முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டிக் காய்த்துப்போன கைகள் அவருடையவை. திரையிலே 'துணிவு'. எச். வினோத் இயக்கிய படம், அஜித்குமார் நாயகர். கொள்ளையடிக்கக் கூட்டமொன்று வங்கிக்குள் புகுகிறது. அதற்கு முன்பே அங்கே இன்னொரு கொள்ளைக்காரர் காத்திருக்கிறார்! முற்பாதி விறுவிறுப்பாகவே ஓடிற்று. பிற்பாதியிலோ, துப்பாக்கியைவிடச் சொற்பொழிவே அதிகமாக முழங்கிற்று. பரஸ்பர நிதி என்றும் கடன் என்றும் கூறி, ஏழையின் சேமிப்பை வங்கிகள் எப்படி விழுங்குகின்றன என்று கதாநாயகர் நமக்குப் பாடம் நடத்தினார். மக்கள் கை தட்டினர். சிற்றப்பாவும் தட்டினார், அவர் கண்கள் கலங்கியிருந்தன.

ஏன் கலங்கினார் என்பது நமக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன், லாரியை விற்ற பணம் முழுவதையும் நிதி நிறுவனம் ஒன்றில் போட்டார். வட்டி சில மாதம் வந்தது. பிறகு கதவிலே பூட்டு வந்தது. அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையொப்பமிட்டவர் யார் தெரியுமா, தோழர்களே? நாம்தாம்! பட்டம் பெற்றவர், மேடையேறிப் பகுத்தறிவு பேசுபவர். 'எதையும் ஏன், எப்படி என்று கேள்' என ஊருக்கு உரைத்த நாம், நான்கு பக்கப் பத்திரத்தில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை.

படம் முடிந்து வெளியே வந்ததும், சிற்றப்பா மெல்லக் கேட்டார்: "ஏங் கண்ணு, அன்னைக்கு அந்தத் தாளுல என்னதான் எழுதியிருந்துச்சு?"

இரண்டரை மணி நேரப் போதனைக்குப் பின்னும் அவர் கையில் மிஞ்சியது அந்தக் கேள்விதான். நம்மிடமும் விடையில்லை.

படத்தில் கருத்து கூடாது என்பதா நம் வாதம்? அன்று! 1949-இல் 'வேலைக்காரி'யும், 1952-இல் 'பராசக்தி'யும் தந்த இயக்கம், அப்படிக் கூறுமா? சேலம் ஏற்காடு சாலையிலே மாடர்ன் தியேட்டர்சின் பழைய நுழைவாயில் நிற்கிறதே, அங்கே உருவான 'மந்திரிகுமாரி'யை எண்ணிப் பாருங்கள். கலைஞர் உரையாடல் தீட்டிய, 1950-இல் வெளிவந்த அப்படத்திலும் ஒரு கொள்ளைக்காரன் உண்டு. ராஜகுருவின் மகன் அவன். கொள்ளையைக் கலையென்றே வாதிடுபவன். அவனை நம்பி மணந்தவள், அவன் தன்னைக் கொல்லத் துணிந்ததை உணர்ந்து, தானே அவனை மலையுச்சியிலிருந்து தள்ளுகிறாள். நம்பியவளே விழிக்கிறாள், விழித்தவளே செயல்படுகிறாள். கருத்து அங்கே கதையின் குருதியாக ஓடியது.

'துணிவி'லோ ஏமாந்தவர்கள் அழுகிறார்கள், சாகிறார்கள். அவர்களுக்காக நினைப்பவரும், பேசுபவரும், அடிப்பவரும் நாயகர் ஒருவரே. அவதாரம் வந்து அசுரனை அழிக்கும் புராணத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஏமாறாதே என்று உரைத்த அப்படம் வெளியான சனவரி 11 அன்று, சென்னை கோயம்பேட்டில், திரையரங்கின் முன் நகர்ந்துகொண்டிருந்த லாரிமீது ஏறி ஆடிய 19 வயது இளைஞன் ஒருவன், கீழே குதித்தபோது அடிபட்டு உயிர்விட்டான். பக்தி கோயிலை விட்டுக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்திருக்கிறதே ஒழிய, குறையவில்லை.

உண்மைக் கொள்ளையையும் நம் சேலம் கண்டதுண்டு. 2016 ஆகஸ்டில், சேலத்திலிருந்து சென்னை சென்ற ரயிலில் ரிசர்வ் வங்கிக்கு அனுப்பிய 342 கோடி ரூபாய் இருந்தது. பெட்டியின் கூரையில் துளையிட்டு, 5.78 கோடியைக் கொண்டு சென்றனர். நாடே வியந்து பேசிற்று. ஆனால், கூரையைத் துளைக்காமல், சிரித்த முகத்தோடு நாற்காலி போட்டு உட்கார வைத்து, கையொப்பம் வாங்கிப் பறிக்கும் கொள்ளையைப் பற்றி எவர் வியக்கிறார்? அதை எடுத்துப் பேசிய அளவில் அப்படத்தைப் பாராட்டுவோம். நோயைச் சரியாகவே சுட்டியது. ஆனால், மருந்தென்று துப்பாக்கியைக் காட்டியது.

மருந்து வேறிடத்தில் இருக்கிறது. வங்கிமீது எழுத்தில் முறையிட்டு, 30 நாளில் தக்க பதில் இல்லையேல், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2021 முதல் நாடு முழுமைக்கும் ஒரே திட்டம். மக்களிடம் வைப்புத்தொகை பெற்றுத் திருப்பித் தராத நிதி நிறுவனங்களின் சொத்தை முடக்கி, முதலீட்டாளருக்குப் பங்கிடத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோவையிலே அதற்கெனத் தனி நீதிமன்றமும் இருக்கிறது. இவை கைதட்டல் வாங்கா. மெதுவாக நகர்பவை, முழுப் பணமும் மீளும் என்ற உறுதியும் இல்லை. எனினும், அந்தப் படியில்தான் நாமும் சிற்றப்பாவும் பின்னர் ஏறினோம். மனு எழுதினோம், இன்றும் காத்திருக்கிறோம்.

தோழர்களே! திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் படிப்பகம் நடத்தும் இளைஞர்களே! மாதம் ஒரு ஞாயிறு போதும். ஊர்ப் பெரியவர்கள் கையொப்பமிடப் போகும் பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லி, உரக்கப் படித்துக் காட்டுங்கள். புரியாத வரிக்கு விளக்கம் கேட்டு வரும்வரை பேனாவைத் திறக்க வேண்டாமென்று சொல்லுங்கள்.

சென்ற மாதம் வங்கித் தாள் ஒன்றோடு சிற்றப்பா வந்தார். நாம் பழக்கத்தில் பேனாவை எடுத்தோம். அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல படி கண்ணு. கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம்."