கூட்டேரிப்பட்டில் ஒரு மஞ்சள் சட்டை

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் நீங்கள் எத்தனையோ தடவை பிரயாணம் செய்திருப்பீர்கள். திண்டிவனத்தைத் தாண்டி, "இன்னும் விழுப்புரம் வரவில்லையே!" என்று கொட்டாவி விடுகிற சமயத்தில் கூட்டேரிப்பட்டு வரும். வந்தது தெரியாமல் போயும் விடும். இங்கே பிரிகிற ஒரு சாலை மயிலத்துக்கும், அதற்கப்பால் புதுச்சேரிக்கும் போகிறது. மயிலைப் போலவே அமைந்த குன்றும், அதன்மேல் முருகன் கோயிலும் சில கிலோமீட்டர் தூரந்தான். பங்குனி உத்திரத்தன்று இந்தக் கூட்டு ரோட்டில் காவடிக்கு வழி விட்ட பிறகே பஸ் நகர முடியும். மற்ற நாட்களில் கூட்டேரிப்பட்டு என்றால் பிரயாணிகளுக்கு ஒரு டீ, ஒரு பொட்டலம் மல்லாட்டை, அடுத்த பஸ், அவ்வளவுதான். மல்லாட்டை என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்காதீர்கள், நம்முடைய வேர்க்கடலைதான்!

நானும் மயிலம் பஸ்ஸுக்காகத்தான் அந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். அன்று சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பந்தயம். தெற்கேயிருந்து வந்த வேன்களிலெல்லாம் மஞ்சள் சட்டைகள்; பாதிப் பேருடைய முதுகில் தோனியின் ஏழாம் நம்பர். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு மஞ்சள் சட்டையைப் பயபக்தியோடு வெளியே எடுத்தார்.

"இது அந்த மாதிரி கடைச் சட்டை இல்ல சார். அவரே மேட்ச்ல போட்டுக்கினு ஆடினது. பாருங்க, சர்ட்டிபிகேட்!"

சர்ட்டிபிகேட் அமர்க்களமாக இருந்தது. வட்ட முத்திரை, கோணல் கையெழுத்து, வெயிலில் பளபளக்கும் ஒரு வில்லை. விலை நாற்பதாயிரம். முன்பணம் இரண்டாயிரம் கொடுத்தாகிவிட்டது; மீதியை அன்று மாலைக்குள் கட்ட வேண்டுமாம். அந்தப் பணம் எதற்காக வைத்திருந்தது தெரியுமா? திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய் வர ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொள் என்று, மல்லாட்டை விற்ற காசை அப்பா கொடுத்திருக்கிறார்!

எனக்கு டீ கசந்தது. "போலியாக இருந்தால்?" என்று கேட்டேன்.

"வேர்வைக் கறைகூட இருக்குதே சார்!" என்றார்.

இந்த இடத்தில் உங்களுக்கு வேறொரு சட்டையின் கதையைச் சொல்ல வேண்டும். 1986 ஜூன் 22-ஆம் தேதி, மெக்ஸிகோ நகரில் உலகக் கோப்பைக் கால்பந்து. அர்ஜென்டினாவின் மாரடோனா இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். ஒன்று கையால் தட்டியது. மற்றொன்று கண்கொள்ளாக் காட்சி. ஆட்டம் முடிந்ததும் ஸ்டீவ் ஹாட்ஜ் என்ற இங்கிலாந்து வீரர் அவரோடு சட்டை மாற்றிக்கொண்டார். 2022 மே மாதம் ஸதபீஸ் ஏலத்தில் அந்தச் சட்டை 71 லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. ஏலத்துக்கு முன்னாலேயே, "அது முதல் பாதியில் போட்ட சட்டை, கோல் போட்டபோது அணிந்தது வேறு!" என்று மாரடோனாவின் மகள் சொல்லிவிட்டார்.

வழக்கை எப்படித் தீர்ப்பது? போட்டோக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தச் சட்டைகள் மெக்ஸிகோ நகரக் கடையில் அவசரமாக வாங்கி, சின்னமும் நம்பரும் பின்னால் சேர்த்தவை. அவசர வேலையில் ஒரு சட்டை மற்றொன்றைப் போல இருக்குமா? சின்னம் கோட்டின்மேல் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எண்ணின் விளிம்பு எந்தப் பட்டையைத் தொடுகிறது என்றெல்லாம், கோல் போட்ட நேரத்துப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, "இதுதான் அது" என்று முடிவு சொன்னார்கள்.

கறையைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது, பாருங்கள். உப்புத் தண்ணீரும் செம்மண்ணும் யார் வீட்டில் இல்லை? கறை இருக்கிற இடம் படத்தில் இருக்கும் இடமா, விழுந்து புரண்ட முழங்கைப் பக்கத்தில்தான் நூல் உரசியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். வீரருக்காகத் தைத்து, ஆனால் அவர் போடாமலே பெட்டியில் இருந்த சட்டைகளும் உண்டு. அவை அசல்தான், ஆனால் ஆட்டத்தைக் கண்டவை அல்ல. சர்ட்டிபிகேட்டோ, கொடுத்தவர் யார், அவர் அங்கே இருந்தாரா என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1990-களில் போலிக் கையெழுத்துக் கும்பல்களை எஃப்.பி.ஐ. துரத்திய வேட்டையில், அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால் பந்துகூட அகப்பட்டது! 2001-ஆம் வருஷத்திலிருந்து அங்கே பெரிய பேஸ்பால் பந்தயங்களில் ஓர் ஆளை மைதானத்திலேயே உட்கார வைக்கிறார்கள். பந்தோ சட்டையோ வெளியே வந்ததும், அவர் கண்ணெதிரே நம்பர் வில்லை ஒட்டிப் பதிவு செய்கிறார்கள்.

இவ்வளவையும் அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டு, சர்ட்டிபிகேட்டை மறுபடி பார்த்தேன். எல்லாம் இருந்தது, எந்த ஆட்டம், எந்தத் தேதி என்பதைத் தவிர!

"போன் செய்து கேளுங்கள்," என்றேன்.

கேட்டார். எதிர்ப்பக்கம் கொஞ்சம் தயங்கி, "2018 பைனல்" என்று பதில் வந்தது. தம்பியின் முகம் மலர்ந்தது. மே 27-ஆம் தேதி, மும்பையில், ஹைதராபாத்தை எட்டு விக்கெட்டில் ஜெயித்த ஆட்டம்! தன்னுடைய போனில் படங்களைத் தேடினார். படத்தைப் பார்த்தார், மடியில் கிடந்த சட்டையைப் பார்த்தார். விரல் தோள்பட்டையில் போய் நின்றது. அங்கே ராணுவ உடுப்பைப் போலத் திட்டுத் திட்டாக ஒரு பட்டை.

"சார்... இந்தத் தோள் டிசைன் 2021-லதான் வந்துது."

நான் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார். இரண்டாயிரம் போனது போனதுதான். முப்பத்தெட்டாயிரம் மிஞ்சிற்று. ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அதுவரை பேசாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரப் பெரியவர் உள்ளே போய், ஒரு தகரப் பெட்டியிலிருந்து பழைய பனியன் ஒன்றைக் கொண்டு வந்தார். பழுப்பேறி, தோளில் கிழிந்து தைத்தது. முதுகில் சிவப்புத் துணியில் வெட்டித் தைத்த நாலாம் நம்பர்.

"இதுக்கு ஒரு சர்ட்டிபிகேட் குடுங்களேன் பார்ப்போம். காணும் பொங்கலுக்கு சடுகுடு ஆடினேன். கடைசிப் பாட்டுல மூணு பேரை அவுட்டாக்கிட்டு வந்தேன். தோளு கிழிஞ்சது அப்பத்தான். என் பேரனே நம்ப மாட்டேங்கிறான்!"

"எந்த வருஷம் பெரியப்பா?" என்று தம்பி கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? பெரிய பொண்ணு பொறந்து மூணாம் மாசம்."

மகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, வருஷம் அகப்பட்டுவிட்டது! எதிர்க் கட்சியில் ஆடிய ஒருவர் அடுத்த தெருவில் இன்னும் சௌக்கியமாக இருக்கிறாராம். நம்பரைத் தைத்தவர் வீட்டுக்காரி; பெட்டிக்குள் அதே சிவப்புத் துணியில் மிச்சம் இருக்கிறதாம். தம்பி ஒரு காகிதத்தை எடுத்து ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். பனியனை விரித்து, கிழிசல் தெரியும்படி நாலு படமும் எடுத்தார்.

வாஸ்தவத்தில் இந்தச் சீமைக்கு அது புதுப் பழக்கம் அல்ல. இதே விழுப்புரம் மாவட்டத்தில் அரசலாபுரம் என்ற ஊரில் ஒரு நடுகல் கிடைத்தது. அதில் வாளேந்திய வீரன் இல்லை. சண்டைக்கு நிற்கும் ஒரு சேவல் இருக்கிறது! முகையூர் மேற்சேரியின் கோழி அது என்பதைப் பக்கத்திலேயே வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்தின் வடிவத்தைக் கொண்டு, ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டு என்று கல்வெட்டு அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். இந்தளூரில் கிடைத்த இன்னொரு கல், கீழ்ச்சேரிக் கோழியைச் சொல்கிறது. கோழிகளை மோத விடுவது 1960-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், அது நல்லதுதான். ஆனால் எந்த ஊர், எந்தச் சேரி என்று அன்று எழுதி வைத்தவர்களால் அல்லவா, 1,500 வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சேவலைப் போலி என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை?

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பனியனோ, மட்டையோ, நசுங்கிய கோப்பையோ இருக்கும். தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த ஊர், எந்த வருஷம், யாரோடு ஆடியது என்று இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். எதிரே ஆடியவர் உயிரோடு இருந்தால் அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். நாளைக்கு என்று ஒத்திப் போடாதீர்கள். பெட்டி இருக்கும், சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

மயிலம் பஸ் வந்துவிட்டது. நான் ஏறும்போது, தம்பியும் பெரியவரும் அடுத்த தெருச் சாட்சியைத் தேடிக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பெஞ்சின்மேல் மஞ்சள் சட்டை மட்டும் கிடந்தது.