யாரும் இல்லை என்று சொன்னேன்

நாகலாபுரத்தில் பழைய நாடகப் பாட்டுத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு ஓர் ஆய்வாளர் வந்தார். ஊரில் படித்தவன், பாட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லி, என்னைத் தேடி வந்தார். "இப்போ அப்படி யாரும் இல்லைங்க" என்று சொன்னேன். அது பொய். நாங்கள் நின்று பேசிய இடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் தாய்மாமா இருந்தார். வாலிபத்திலிருந்து ஸ்பெஷல் நாடகங்களுக்குப் பின்பாட்டுப் பாடியவர். எங்கள் ஊரில் வாழ்ந்து நாடகப் பாட்டெழுதிய மதுரகவி பாஸ்கரதாஸின் பாட்டுகள் அவருக்கு மனப்பாடம். அதைவிட முக்கியம், தானே சொல்லும் மெட்டும் கட்டிய பாட்டுகள் அவரிடம் இருந்தன. அந்த ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திருந்தார். நான் சொன்னதை நம்பி விளாத்திகுளம் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறதியில் சொன்னதல்ல. வெட்கப்பட்டுச் சொன்னேன். வெளியூரிலிருந்து வந்த படிப்பாளியின் முன்னால், வத்தல் காயும் களத்தில் உட்கார்ந்து ஆர்மோனியப் பெட்டியை மிதிக்கிற ஒருவரை, "இவர்தான் எங்கள் ஊர்ப் பாட்டு, இவர் என் மாமா" என்று காட்ட எனக்கு மனம் வரவில்லை. மாமா இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவருடைய பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று யாருக்கும் தெரியாது. அதற்கு நானும் ஒரு காரணம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்த நாளில் நான் எட்டயபுரத்திலிருந்துதான் தொடங்குவேன். முத்துசாமி தீட்சிதர் 1835இல் உயிர்விட்டு அடங்கிய ஊர் அது. அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சேற்றியதும் அங்கேதான். பிறகு விளாத்திகுளம் நல்லப்ப சுவாமிகளின் ராக ஆலாபனை. பிறகு கோவில்பட்டியில் சமாதி கொண்டிருக்கும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம். கரிசல் மண்ணுக்குச் சங்கீதம் தெரியும் என்று நிறுவ இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்வேன். ஒவ்வொருவரும் அந்தப் பெருமைக்கு உரியவர்தான். ஆனால் அவர்களைச் சொல்வதற்கு எனக்கு எந்தத் துணிச்சலும் தேவைப்படவில்லை. எனக்கு முன்பே எல்லோரும் அவர்களைப் புகழ்ந்து முடித்திருந்தார்கள். மாமாவைப் புகழ வேண்டுமென்றால் நான்தான் முதலில் வாய் திறந்திருக்க வேண்டும்.

அவருடைய பாட்டு எனக்குப் பிடிக்காமல் போயிருந்தால் இதைக் குற்றம் என்றே சொல்லியிருக்க மாட்டேன். அது எனக்கு உயிராக இருந்தது. மதுரையில் கல்லூரியில் படித்தபோது விடுதி அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதை முணுமுணுப்பேன். யாராவது உள்ளே வந்தால் நிறுத்திவிடுவேன்.

மாமாவிடம் இருந்தது கால்பெட்டி. கைப்பெட்டியில் ஒரு கை துருத்தி போட வேண்டும், ஒரு கைதான் கட்டைகளுக்கு. கால்பெட்டியில் காற்றைக் கால் பார்த்துக்கொள்ளும், இரண்டு கையும் வாசிக்கலாம். கோயில் பொங்கலுக்கு இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் வள்ளி திருமணத்தில், ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எந்தச் சுருதிக்கு ஏறினாலும் பின்னாலேயே போய்ப் பிடிப்பார். மைக் கெட்டுப்போனால்கூடக் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். ஆனால் சொந்தப் பாட்டுக்கு அந்தக் குரலை அவர் எடுப்பதே இல்லை. நாடகம் இல்லாத மாதங்களில், உளுந்து பறித்து முடித்த சாயங்காலங்களில், பேசுகிற குரலில் பாடுவார். இடது கை சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கும். வலது கை மெட்டை எடுத்துப் போகும். வரி முடிந்ததும் பெட்டி மட்டும் தனியாக ஒரு சின்னப் பதில் சொல்லும். அந்தப் பதில் வரிக்கு வரி மாறும்.

கரிமூட்டத்தைப் பற்றி அவர் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். வெட்டிய சீமைக்கருவேலைக் கட்டைகளை அடுக்கி, செத்தையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்தால் மூட்டம் நாள்கணக்கில் புகையும். எங்காவது ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். அதனால் ராத்திரி முழுக்க ஆள் காவல் இருக்க வேண்டும். அப்படிக் காவல் இருக்கிற புருசனுக்குக் கஞ்சி கொண்டுபோகும் பெண் பாடுவதாக அந்தப் பாட்டு. சிந்துபைரவி. பல்லவி ஐந்து சுரத்துக்குள்ளேயே சுற்றிவரும். சரணத்தில் ஒரே ஓரிடத்தில் மேல் சட்ஜமத்தைத் தொடும், தொட்டதும் இறங்கிவிடும். அந்த இடத்தில் அவள் கோபப்படுகிறாள் என்பது மெட்டில்தான் இருக்கும், சொல்லில் இருக்காது. இதைவிட நுட்பமாக ஒரு பாட்டு எப்படி எழுதுவது? சுருதி தெரியாதவர்களும் இரண்டாம் முறை கேட்டால் கூடப் பாடுவார்கள். அப்படி எளிதாக வாயில் வந்து உட்கார்ந்ததுதான் அதன் குறை என்று நான் அப்போது நினைத்தேன். கேட்ட உடனே பிடிக்கிற பாட்டு மட்டமான பாட்டு என்று எனக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

ஆர்மோனியத்தை மட்டம் தட்டியதில் நான் தனியாளும் அல்ல. பாரிஸில் 1840களில் உருவான பெட்டி அது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கத் தோதாக மாற்றிச் செய்த பிறகு இந்தியாவின் நாடகக் கொட்டகைகளுக்கெல்லாம் பரவியது. கட்டைக்கு ஒரு சுரம் என்று நிலையாக நிற்கும், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, கமகம் வராது என்றார்கள். 1940இல் அகில இந்திய வானொலி அதை ஒலிபரப்பிலிருந்தே விலக்கியது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. கமகத்தைப் பற்றிச் சொன்னது உண்மைதான். ஆனால் மாமாவின் பெட்டியால் செய்ய முடியாததை அவர் குரல் செய்தது. குரலால் முடியாததை, ஒரே நேரத்தில் மூன்று சுரம் நிற்பதை, பெட்டி செய்தது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பாட்டு. இது எனக்குக் காதால் தெரிந்திருந்தது. வாயால் சொல்லும்போது மட்டும் வானொலிக்காரர்கள் பக்கம் நின்றேன்.

என் இரண்டாவது குற்றம் இன்னும் பெரியது. மதுரகவி பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளை அவருடைய பேரன், நாடகக் கலைஞர் ச. முருகபூபதி, பதிப்பித்தார். 1917இல் தொடங்கி 1951வரை நீளும் குறிப்புகள். வெள்ளைச்சாமி என்ற பெயரோடு 1892இல் பிறந்து, நாடக மேடைக்கும் இசைத்தட்டுக்கும் பாட்டெழுதி, நாகலாபுரத்தில் வாழ்ந்து, 1952இல் மறைந்தவர் அவர். 1931 அக்டோபர் 31ஆம் தேதி வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதற்குப் பாட்டெழுதியவர் எங்கள் ஊர்க்காரர். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியின் ராட்டினத்தைப் பற்றிய பாட்டை அந்தப் படத்தில் டி.பி. ராஜலட்சுமி பாடினார். வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற காட்சிக்குள் வெள்ளைக் கொக்கை வைத்து வெள்ளைக்காரனை விரட்டிய பாட்டும் அவருடையதுதான். அதை மேடை மேடையாகப் பாடியவர் சிவகாசியில் பிறந்த எஸ்.எஸ். விசுவநாததாஸ். அவர் 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில், முருகன் வேடத்தில், மேடையிலேயே உயிர்விட்டார்.

அந்த நாட்குறிப்பைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். மனம் நிறைந்து புகழ்ந்தேன். மக்கள் வாயில் ஏறும் மெட்டுதான் அவருடைய ஆயுதம் என்றேன். ஜமீனுக்கும் சபாவுக்கும் காத்திராமல் ஜனங்களை நம்பிப் பாட்டெழுதிய சுதந்திரக் கலைஞர் என்றேன். எல்லாம் உண்மை. ஆனால் அவர் பாட்டை எனக்கு முதலில் பாடிக்காட்டியவர் என் மாமா. சிறுபிள்ளையாக பாஸ்கரதாஸை நேரில் பார்த்தவர். அந்த மெட்டுகள் எப்படிப் போகும் என்பது ஏட்டில் இல்லை, மாமாவின் பெட்டியில்தான் இருந்தது. கட்டுரையில் அவர் பெயரை நான் எழுதவில்லை. ‘ஊர்ப் பெரியவர் ஒருவர்’ என்றுகூட எழுதவில்லை. நானே ஏதோ ஆராய்ந்து கண்டதுபோல எழுதினேன். பாராட்டும் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

‘காளிதாஸ்’ படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. ஆனாலும் அதற்குப் பாட்டெழுதியவரின் பெயர் நிற்கிறது. இசைத்தட்டு இருந்தது, பாட்டுப் புத்தகம் இருந்தது, குறிப்பேட்டைக் காப்பாற்ற ஒரு பேரன் இருந்தார். மாமாவுக்கு நான் இருந்தேன். "மருமகனே, இதையெல்லாம் ஒரு நோட்டில எழுதி வையி, எனக்குக் கையெழுத்து நிக்காது" என்று அவர் பலமுறை கேட்டிருக்கிறார். "எழுதலாம் மாமா" என்பேன். எழுதவில்லை.

இதெல்லாம் எனக்கு உறைத்தது ஊர்ப் பாட்டைக் கேட்டு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண், பழைய கீபோர்டு ஒன்றை வாங்கித் தானே பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் ரெஜினா ஸ்பெக்டர் என்ற பாடகியை எனக்குக் கேட்கக் கொடுத்தாள். மாஸ்கோவில் பிறந்து, 1989இல் ஒன்பது வயதில் குடும்பத்தோடு நியூயார்க்கின் பிராங்க்ஸுக்குப் போனவர். வீட்டுப் பியானோவை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. யூத வழிபாட்டுக் கூடத்தின் நிலவறையில் கிடந்த பியானோவில் பழகினார். 2001இல் தன் முதல் ஆல்பமான ‘11:11’ஐத் தானே வெளியிட்டு, தான் பாடும் இடங்களில் தானே விற்றார். கேட்டேன். இடது கை ஓரிரு சுரத்தில் நிற்கிறது. வலது கை மெட்டை எடுத்துப் போகிறது. பேசுகிற குரல், வரி முடிந்ததும் பியானோவின் சின்னப் பதில். "என்ன அருமையான பாட்டு!" என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. எங்கோ பிராங்க்ஸில் வளர்ந்த ஒருவருக்கு நொடியில் கொடுத்த பாராட்டை, அதே வேலையைக் கண்ணெதிரில் செய்த மாமாவுக்கு அவர் வாழ்நாள் முழுக்க நான் கொடுக்கவில்லை. உலகம் ஒப்புக்கொண்ட பாட்டு என்று தெரிந்ததால் என் வாய் தாராளமாகத் திறந்தது.

அந்தப் பெண்ணுக்கும் அதையேதான் செய்திருந்தேன். அவள் தன் பாட்டை முதன்முதலில் பாடிக்காட்டியபோது, "நல்லா இருக்கும்மா, சினிமாவுக்கு முயற்சி பண்ணு" என்றேன். பார்வைக்கு அது ஆசீர்வாதம். உள்ளே இருந்தது என்ன? வேறு யாராவது உன்னை ஏற்றுக்கொள்ளட்டும், பிறகு நானும் ஏற்றுக்கொள்கிறேன் என்பதுதான். அவள் சினிமாவைக் கேட்கவில்லை. பாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

அவள் வீட்டுக்குப் போய் அந்தப் பதிலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். மாமாவைப் பற்றியும் சொன்னேன், ஆய்வாளரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவள் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அந்தக் கரிமூட்டப் பாட்டு எப்படிப் போகும் தாத்தா?" என்று கேட்டாள். பல்லவி முழுதாக வந்தது. சரணத்தில் பாதி வந்தது. மேல் சட்ஜமத்தைத் தொடும் இடம் சரியாக வந்தது. அதற்குப் பிறகு சொல் இல்லை. விட்டுப்போன சொற்களை நானே இட்டு நிரப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவை மாமாவுடையவை. கிடைத்த மட்டும் எழுதி, சுரத்தோடு அவளிடம் கொடுத்திருக்கிறேன்.

அவளுடைய பாட்டைப் பற்றி அன்று சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கோவில்பட்டி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒரு பெண்ணின் பாட்டு அது. மெட்டு முதல்முறை கேட்டதுமே மனதில் நின்றுவிடுகிறது. அது அதன் பலம், குறை அல்ல. பல்லவி திரும்பி வரும்போது அவள் இடது கையில் ஒரே ஒரு சுரத்தை மாற்றுகிறாள், அதே சொல் வேறு அர்த்தம் கொள்கிறது. காத்திருப்பு முதலில் சலிப்பாக இருக்கிறது, பிறகு ஆசையாகிவிடுகிறது. இது கற்றுக்கொடுத்து வருவதல்ல. அவளை இன்னும் யாரும் புகழ்ந்ததில்லை. நான் புகழ்கிறேன்.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை, இந்தக் கட்டுரையும் அதற்கு ஈடாகாது. இனி யாராவது நாகலாபுரத்துக்கு வந்து, இங்கே பாட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டால், இருக்கிறார்கள் என்று சொல்வேன். கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவேன்.