கடலிலிருந்து கண்ட நாகை

மாறுதல் பெற்று நாகப்பட்டினத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக நான் பொறுப்பேற்ற ஆண்டு 2004. பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் அவ்வூரின் சூடாமணி விகாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடல்கடந்த ஸ்ரீவிஜயத்து மன்னர் சூளாமணிவர்மரின் பெயரால் நாகையில் எழுந்த பௌத்தப் பள்ளி அது. சிவநெறியினரான முதலாம் இராசராசன், தம் 21ஆம் ஆட்சியாண்டில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தார். அவர் மகன் இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தார். 21 ஏடுகள் கொண்ட அத்தொகுதி நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சென்றடைந்தமையால், லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்றது.

கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். கடற்கரைக் குப்பத்திலிருந்து வருபவன். வகுப்பில் அதிகம் பேசாதவன்.

“ஐயா, அந்தக் கட்டடம் கடலிலிருந்து பார்த்தால் தெரிந்திருக்குமா?”

எனக்கு விடை தெரியவில்லை. படித்துவிட்டுச் சொல்வதாகக் கூறினேன். “நீங்கள் ஒருநாள் கடலுக்கு வாருங்கள் ஐயா” என்றான் அவன்.

அடுத்த ஞாயிறு விடியலில் அவன் வீட்டு வாசலில் நின்றேன். கோலமிட்டுக்கொண்டிருந்த அவன் தாய் எழுந்து, நீராகாரம் தந்து வழியனுப்பினார். அவன் தந்தையின் படகில் ஏறினோம். கரை விலக விலக, தெருக்களும் கடைகளும் மறைந்தன. உயர்ந்தவை மட்டும் எஞ்சின. வடக்கே நாகூர் தர்காவின் மனோராக்கள். அவை ஐந்தனுள் மிக உயர்ந்தது, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் எழுப்பியது. 131 அடி உயரமுடையது. நேரே கலங்கரை விளக்கம். தெற்கே, தொலைவில், வேளாங்கண்ணிப் பேராலயத்தின் வெண்கோபுரங்கள்.

“கரையில் இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்க்கோட்டில் வரவேண்டும் ஐயா. வந்தால், நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்” என்று மாணவன் விளக்கினான். அன்று அவன் ஆசிரியன், நான் மாணவன்.

வலையில் விழும் முதல் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்ட அதிபத்த நாயனார், இவ்வூரின் நுளைப்பாடியில் வாழ்ந்தவர். அவர் நினைவாக இன்றும் பொன்மீனைக் கடலில் விட்டு விழா எடுக்கின்றனர். அவரைப் பற்றிச் சொன்ன தந்தை, அதே மூச்சில் நாகூர் ஆண்டவரையும் வேளாங்கண்ணி மாதாவையும் குறிப்பிட்டார். நான் வியப்புடன் நோக்கவே, “கடலில் நிற்பவனுக்கு எல்லாமே கரைதான் ஐயா” என்றார்.

சில வாரங்கள் நூலகத்தில் தேடியபின், மாணவனின் வினாவுக்கு விடை கிடைத்தது. ஊருக்கு வடக்கே, பௌத்த வழிபாட்டிடத்தின் எச்சமாக, மூன்று நிலைகளையுடைய செங்கற் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றது. கரையை நோக்கி வந்த கப்பல்களுக்கு அதுவே அடையாளம். 1846இல் வால்டர் எலியட் என்னும் பிரித்தானிய அதிகாரி அதனைக் கண்டு குறிப்பெழுதினார். 1867இல் அரசின் இசைவுடன் அது இடிக்கப்பட்டது. அப்பகுதியில் 1856 முதல் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுட் பல சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன.

“தெரிந்திருக்கிறது தம்பி” என்று வகுப்பில் சொன்னேன்.

“பிறகு ஏன் இடித்தார்கள்?”

“பழுதுற்ற செங்கற்குவியல், பயனில்லை என்று எண்ணியிருக்கலாம்.”

“கடலில் போகிறவர்களிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே ஐயா!”

அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூன்றாம் நாள் அக்குப்பத்துக்குச் சென்றேன். தெரு என்று ஒன்றில்லை. மணலும் முறிந்த மரங்களும் கிடந்தன. என் மாணவன் தனியே நின்றிருந்தான். ஒரு பனையையும் கலங்கரை விளக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தான். நாலடி தள்ளி நடந்தான், மீண்டும் பார்த்தான், நின்றான்.

“இதுதான் ஐயா எங்கள் வாசல்.”

அந்த வாசலில் கோலமிட்ட கைகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவனருகே நின்றேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

பழங்கோபுரம் எதற்குப் பயன்படும் என்று பின்னாளில் பலர் என்னிடம் கேட்டதுண்டு. அப்போதெல்லாம் அந்த நாலடி நடைதான் நினைவுக்கு வரும். எல்லாம் அழிந்துபோன மணற்பரப்பில் தன் வாசல் எது என்று ஒருவன் அறிய வேண்டுமானால், நிலைத்து நிற்பவை சில இருக்க வேண்டும். மாணவர்களே, உங்கள் ஊரிலும் அத்தகையவை இருக்கும்: ஒரு மண்டபம், ஒரு கல்வெட்டு, ஒரு பழங்குளம். அவற்றை யார் எழுப்பினார் என்பதை மட்டுமன்றி, அவற்றைப் பார்த்து வழியறிந்தவர் யார் என்பதையும் கேட்டறியுங்கள்.

அந்த மாணவன் இன்று சொந்தப் படகு வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு அவனுடன் மீண்டும் கடலுக்குச் சென்றேன். அவனுடைய பத்து வயது மகனும் உடன் வந்தான். நாகூர் மனோராவையும் கலங்கரை விளக்கத்தையும் மகனுக்குக் காட்டியவன், இரண்டுக்கும் இடையே வெறும் வானத்தை நோக்கிக் கை நீட்டினான்.

“அங்கே ஒரு கோபுரம் இருந்தது” என்றான்.