அடங்கிய குரலும் அழகே

இசை, இறைவன் மாந்தர்க்கு அருளிய இனிய கொடை. ஜெர்மானிய நாட்டில் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த இசையை, அக்காலத்து வாத்தியங்களிலேயே வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவுகள் சிலவற்றைச் சென்ற கோடை விடுமுறையில் கேட்டேன். அவை எனக்கு அளித்த இன்பத்தையும் ஆறுதலையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இசைமேதை யோகான் செபாஸ்தியான் பாக் 1717 முதல் 1723 வரை கேத்தன் நகரில், இளவரசர் லியோபோல்டின் அரண்மனை இசைத் தலைவராகப் பணியாற்றினார். 1720-ல் அவர் இளவரசருடன் வெளியூர் சென்றிருந்தபோது மனைவி மரியா பார்பரா காலமானார். அடக்கமும் முடிந்துவிட்டது என்ற செய்திதான் வீடு திரும்பியவரை எதிர்கொண்டது. தாயற்ற பிள்ளைகளுடன் நின்ற அவர், மறு ஆண்டு மார்ச் 24-ஆம் நாளிட்டு, ஆறு கான்செர்ட்டோக்களைத் தம் கையாலேயே அழகுற எழுதி, பிராண்டன்பர்க் பிரபு கிறிஸ்டியன் லுட்விக்குக்குக் காணிக்கையாக்கினார். பாக் மறைந்து நூறு ஆண்டுகள் கழித்து, 1850-ல்தான் அவை அச்சேறின. கான்செர்ட்டோ என்பது ஓரிரு வாத்தியங்களோ சிலவோ முன்னின்று பேச, குழு மறுமொழி கூறும் இசை வடிவமாகும்.

அந்நாளைய வயலினுக்கு ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்பே தந்தி. நம் முன்னோர் இத்தகையவற்றை நரம்புக் கருவி என்றே அழைத்தது எவ்வளவு பொருத்தம்! புல்லாங்குழல் மரத்தாலானது. ஹார்ப்சிகார்டு என்னும் கருவியிலோ, கட்டையை அழுத்தினால் பறவை இறகின் தண்டு தந்தியை மீட்டும். எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் அதன் ஒலி பெருகாது. பிற்காலத்தில் அரங்குகள் பெரிதாயின, கூட்டம் பெருகியது. உரத்து ஒலிக்கும் இரும்புச் சட்டப் பியானோவும் உலோகத் தந்திகளும் வந்தன. மெல்லிய வாத்தியங்கள் மூலைக்குச் சென்றன.

அவற்றை மீண்டும் அவைக்கு அழைத்து வந்தவர்களுள் ஒருவர் நிக்கோலாஸ் ஹார்னன்கூர். வியன்னா நகரின் இசைக்குழு ஒன்றில் செல்லோ வாசித்துப் பிழைத்து வந்த அவர், 1953-ல் மனைவி ஆலிஸுடனும் நண்பர்களுடனும் சேர்ந்து ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். பழைய வாத்தியங்களைத் தேடிச் சேர்த்து, வாசிக்கும் முறையைப் பழைய நூல்களிலிருந்து கற்று, நான்கு ஆண்டுகள் பயின்ற பின்னரே 1957-ல் மக்கள்முன் மேடையேறினர். 1964-ல் பாக்கின் அந்த ஆறு கான்செர்ட்டோக்களையும் பதிவு செய்தனர்.

இசை ஆசிரியையான என் சித்திதான் அப்பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். “சத்தம் போதவில்லையே சித்தி!” என்றேன். “சத்தத்தைக் கேட்காதே அம்மா. யார் யாருக்கு வழிவிடுகிறார்கள் என்று கேள்” என்றார்.

ஐந்தாம் கான்செர்ட்டோவை அவ்வாறே கேட்டேன். முதலில் ஹார்ப்சிகார்டு, வீட்டு வேலைகளையெல்லாம் ஓசையின்றிச் செய்யும் பெண்ணைப்போல், எல்லோருக்கும் பின்னணியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு குழல் ஓய்கிறது, வயலின் ஓய்கிறது, குழுவே மௌனமாகிறது. அந்த மெல்லிய கருவி தனியே பேசத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேற்பட்ட தாள அளவுகள் அது ஒன்றே பேசுகிறது! சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த பின்னரே மற்றவர்கள் திரும்பி வருகிறார்கள்.

தோழியரே, என் கண்கள் கலங்கின. பாடற்குழுவில் இரண்டாம் குரல் பாடுபவள் நான். சிறிய குரல்தான். ஒருமுறை ஒரு போட்டிக்குச் சென்றபோது, “நீ வாயை மட்டும் அசைத்தால் போதும்” என்று என்னிடம் கூறப்பட்டது. அச்சொல் முள்ளாய்த் தைத்திருந்தது. சிறிய குரல் கேட்பதற்கு அது பெருகத்தான் வேண்டுமா? மற்றவர் சற்றே தணிந்தாலும் போதுமல்லவா? இதை எனக்குச் சொன்னது அந்த இறகுத் தண்டுகள்தாம்.

தாயை இழந்தபோது ஆறே வயதாயிருந்த மகன் கார்ல் பிலிப் எமானுவேல், பின்னாளில் ஹாம்பர்க் நகரின் இசைத் தலைவரானார். 1773-ல் அவர் தந்தி வாத்தியங்களுக்கென ஆறு சிம்பொனிகளை எழுதினார். ட்ரெவர் பின்னாக் 1972-ல் தொடங்கிய ‘இங்கிலிஷ் கான்சர்ட்’ குழு அவற்றைப் பழைய வாத்தியங்களில் பதிவு செய்துள்ளது. புயல்போல் பாயும் இசை திடீரென நின்றுவிடும். அந்த மௌனத்துக்குப் பின் எழும் மெல்லிய ஒலி, நெஞ்சைத் தொடும்.

பழைய வாத்தியம் எடுத்தால் பழைய காலம் திரும்பிவிடுமா என்று கேட்போர் உண்டு. திரும்பாதுதான். வாசிப்பவரும் கேட்பவரும் இக்காலத்தவரே. 2016-ல் மறைந்த ஹார்னன்கூரும் புதிய வாத்தியக் குழுக்கள் பலவற்றை நடத்தியவரே. ஆயினும் ஒதுக்கப்பட்ட ஒன்றை எடுத்துத் துடைத்து, “நீ சொல்ல வந்தது என்ன?” என்று பொறுமையோடு கேட்பது அன்பின் செயலன்றோ?

பாக் தம் திருச்சபைப் பாடல்களின் இறுதியில் ‘இறைவனுக்கே மகிமை’ எனப் பொருள்படும் இலத்தீன் முதலெழுத்துகளைப் பொறிப்பது வழக்கம். அந்த மகிமையில் உரத்த குரலுக்கும் பங்குண்டு. அடங்கிய குரலுக்கும் பங்குண்டு. வகுப்பிலும் வீட்டிலும் மெல்லப் பேசுவோர் நம் அருகிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பேசும்போது நாம் சற்றே தணிவோம், செவி கொடுப்போம். நம் முறை வரும்போது, குரல் சிறிதாயினும் துணிந்து பாடுவோமாக!