பாத்திரத்தைச் சுருக்கு

பி.காம். படித்தவனுக்கும் புரிகிற கெமிஸ்ட்ரி ஒன்று உண்டு. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியா. அந்த அம்மோனியாவே உடைந்து மறுபடி நைட்ரஜன், ஹைட்ரஜன். ரெண்டும் ஒரே வேகத்தில் நடக்கும்போது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். இதுதான் சமநிலை. அப்போது எது எவ்வளவு இருக்கிறது?

பயப்படாதீர்கள், ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதத் தெரிந்தால் போதும். ஓப்பனிங் ஸ்டாக்: நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 3. நைட்ரஜனில் 'எக்ஸ்' செலவானால் ஹைட்ரஜனில் மூணு எக்ஸ் செலவு. அம்மோனியா ரெண்டு எக்ஸ் வரவு. மிச்சத்தையெல்லாம் பாத்திரத்தின் கொள்ளளவால் வகுத்தால் செறிவு. அம்மோனியாவின் செறிவை இருமடியாக்கி மேலே போடுங்கள். கீழே நைட்ரஜன், பெருக்கல் ஹைட்ரஜனின் மும்மடி. வகுத்து வரும் விடை, ஒரு வெப்பநிலைக்கு ஒரே எண்தான். அந்த எண் தெரிந்தால் எக்ஸ் அகப்பட்டுவிடும். (நம் ஆடிட்டர்கள் இதைவிடக் கஷ்டமானதை மார்ச் மாதத்தில் தூக்கமில்லாமல் செய்கிறார்கள்.)

இதற்காக ஜெர்மனியில் ரெண்டு பேராசிரியர்கள் மோதிக்கொண்டார்கள். ஃபிரிட்ஸ் ஹேபர் 1905-ல் வெளியிட்ட அளவுப்படி, சுமார் ஆயிரம் டிகிரியில் அம்மோனியா பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வால்தர் நெர்ன்ஸ்ட் தன் தியரிப்படி கணக்குப் போட்டுப் பார்த்து, அதுவே ஜாஸ்தி என்றார். 1907-ல், ஹாம்பர்க்கில், சபை நடுவே!

ஹேபர் நொந்துபோனார். ராபர்ட் லெ ரொசின்யோலுடன் மறுபடி அளந்தார். எண் நிஜமாகவே குறைந்தது. வேறொருவர் மூட்டை கட்டியிருப்பார்.

ஆனால் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். கொள்ளளவு மேலே ரெண்டு தடவை, கீழே நாலு தடவை வருகிறது. பாத்திரத்தைச் சுருக்கினால், விடை மாறாமலிருக்க எக்ஸ் ஏறித்தான் ஆகவேண்டும். அதாவது, அழுத்து! சூட்டைக் குறைத்தால் அந்த எண்ணே பெரிதாகும். ஆனால் வேலை ஆமை வேகம். அதை முடுக்க ஆஸ்மியம் என்கிற உலோகம் கிடைத்தது. 1909 ஜூலை, கார்ல்ஸ்ரூ நகரம். 200 மடங்கு காற்றழுத்தத்துக்குப் பக்கத்தில், 600 டிகிரிக்குக் கீழே, திரவ அம்மோனியா சொட்டியது. அம்மோனியாவைக் குளிரவைத்து வெளியே எடுத்து, மிச்ச வாயுவைத் திரும்ப உள்ளே விட்டார்கள். வரவை அவ்வப்போது எடுத்துவிட்டால் சமநிலை எப்படி வரும்?

கார்ல் போஷ் 1913-ல் ஓப்பாவில் இதைத் தொழிற்சாலையாக்கினார். உரம் வந்தது. அடுத்த வருஷம் யுத்தம். அதே அம்மோனியா வெடிமருந்துக்கும் போனது. ஹேபர் 1915 ஏப்ரலில் ஈப்ரு போர்முனைக்கு குளோரின் வாயுவோடு போனார். 1918-க்கான நோபல் பரிசும் அவருக்குத்தான், அம்மோனியாவுக்காக.

இன்று மத்தியானம் நீங்கள் சாப்பிட்டது யூரியா போட்ட நெல்லாக இருந்தால், ஹேபரின் எக்ஸ் கொஞ்சம் உங்களுக்குள்ளும் போயிருக்கிறது.